தரையோடு முடுக்கிய மேஜை

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் நட்டு என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். கதவுக்குக் கீல் போடுவது, தாழ்ப்பாள் பதிப்பது, ஜன்னலுக்குக் கம்பி பொருத்துவது, கடை ஷட்டருக்குப் பூட்டு வைப்பது என்று எல்லாம் அவருக்குக் கைவந்த வேலை. அவர் முடுக்கிய திருகாணி ஆடியதாக இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. ஆனால் அவர் முடுக்கியதைக் கழற்ற வேண்டி வந்தவர்கள் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

வீட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். குளியலறைக் குவளைக்குச் சங்கிலி. செருப்பு அலமாரிக்குச் சுவரோடு இரும்புப் பட்டை. சுவர்க் கடிகாரத்தை நான்கு பக்கமும் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார். பேட்டரி தீர்ந்துபோனபின் அதை மாற்ற யாராலும் முடியவில்லை. அது ஒரே மணியைக் காட்டிக்கொண்டு பல வருஷமாக நிம்மதியாக இருந்தது. "என்னையும் ஒரு நாள் நாற்காலியோட சேத்து முடுக்கிடப்போறான்" என்று அவருடைய அம்மா வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லுவார். பிறகு எழுந்து நடந்து காட்டுவார், இன்னும் அந்தக் கதி வரவில்லை என்பதற்கு.

அவர் மனைவி டெய்லரம்மா. அவளுடைய தொழிலும் ஒன்றோடொன்றைச் சேர்த்து நிறுத்துகிற தொழில்தான். ஹூக்கு, பட்டன், ஜிப்பு, நாடா, ஊக்கு. வீட்டின் உள் அறையில், அவர் செய்துகொடுத்த ஒரு பெரிய மேஜையில் துணியை விரித்து வெட்டி, ஜன்னலோரம் மெஷினைப் போட்டுத் தைத்துவந்தாள். பெண்கள் சமையலறையைக் கடந்து, மாமியாரிடம் நலம் விசாரித்து, அவர் கேட்கும் பத்துக் கேள்விக்கும் பதில் சொல்லி, அப்புறம்தான் அளவு கொடுக்க முடியும். பாதிப் பேர் அந்தக் கேள்விகளுக்குப் பயந்தே வேறு டெய்லரிடம் போனார்கள்.

அதனால் கடைத்தெருவில், மருந்துக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே காலியாகக் கிடந்த ஒரு சிறிய கடையை அவள் பேசி முடித்திருந்தாள். நர்ஸுகளுக்கான யூனிஃபார்ம் தைக்கும் பெரிய வேலை ஒன்றும் கிடைத்திருந்தது. சாமான் மாற்றிய மறுநாள் காலை துணிக்கட்டுகள் நேரே கடைக்கே வந்து இறங்கும். வந்ததும் வெட்ட ஆரம்பிக்க வேண்டும். வெட்ட அந்த மேஜை வேண்டும். அவ்வளவு அகலத்தில், அவ்வளவு வழவழப்பாக, ஒரு நூல்கூட மாட்டாமல் துணி வழுக்கிக்கொண்டு ஓடும் மேஜை வேறு எங்கும் கிடையாது. கத்தரிக்கோல் அதன்மேல் போகும் சத்தத்திலேயே வெட்டு நேராகப் போகிறதா என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

சாமான் மாற்றும் அன்று காலை மேகமூட்டமாக இருந்தது. மழை இப்போது வருவேன், அப்புறம் வருவேன் என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய தம்பி, சின்ன லாரி ஓட்டுகிறவன், வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வந்து மெஷினை ஏற்றினான். துணி மாட்டும் பொம்மையை ஏற்றினான். பட்டன் டப்பாக்களை ஏற்றினான். கடைசியாக உள் அறைக்கு வந்து கைகளைத் தட்டிக்கொண்டான்.

"இனிமே இந்த மேஜை ஒண்ணுதான்க்கா. நீ ஒரு பக்கம் பிடி, நான் ஒரு பக்கம். ஒரே தூக்கு."

ஒரே தூக்காகத் தூக்கினான். மேஜை தூங்குகிற எருமைபோல அப்படியே கிடந்தது. அவன் மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"என்னக்கா இது? உள்ள கல்லை நிரப்பி வெச்சிருக்கியா?"

டெய்லரம்மா குனிந்து பார்த்தாள். கீழே விழுந்த குண்டூசியைத் துழாவி எடுத்ததோடு சரி, அந்த மேஜையின் அடியை அவள் சரியாகப் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு காலிலும் மடக்கிய இரும்புப் பட்டை ஒன்று இருந்தது. அதன் மறுபாதி சிமெண்டுத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியிருந்தது.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க."

நட்டு கூடத்தில் நின்றுகொண்டு, தூசியே இல்லாத ஜன்னல் கம்பியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டே வந்தார்.

"கால்ல என்ன இது?"

"போல்ட்டு."

"போல்ட்டுன்னு தெரியுது. எதுக்கு?"

"நீதான அப்ப சொன்ன, தரை சரியில்ல, வெட்டும்போது மேஜை ஆடுது, கோடு கோணலாப் போகுதுன்னு?"

"ஆடுதுன்னு சொன்னேன். காலுக்கு அடியில ஒரு அட்டையை மடிச்சு வெப்பீங்கன்னு நெனச்சேன்."

"அட்டையா?" என்றார் நட்டு. அவரை யாரோ நாலு பேர் முன்னால் கேவலமாகப் பேசிவிட்டதுபோல முகம் போயிற்று.

தம்பி வண்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துவந்து தரையில் படுத்தான். ஸ்பேனர் பிடிக்கவில்லை. வழுக்கி வழுக்கி அவன் விரலைத்தான் பதம் பார்த்தது.

"மச்சான், இந்த நட்டுக்கு முனையே இல்லையே. கோலிக்குண்டு மாதிரி உருண்டையா இருக்கு."

"அரம் போட்டு உருட்டிவிட்டேன் மாப்ள. வெளி வேலைக்கெல்லாம் அப்பிடித்தான் செய்வேன். திருடன் ஸ்பேனரோட வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

"மேஜையைத் திருட எவன் மச்சான் வருவான்? அப்பிடியே வந்தாலும் இதை எப்பிடி வாசல் வழியா..."

தம்பி பாதியில் நிறுத்தினான். மேஜையைப் பார்த்தான். அறையின் வாசலைப் பார்த்தான். மறுபடி மேஜையைப் பார்த்தான். டெய்லரம்மா தன் கழுத்தில் எப்போதும் தொங்கும் அளவு டேப்பை உருவினாள். மேஜையின் அகலத்தை அளந்தாள். உயரத்தை அளந்தாள். வாசலை அளந்தாள். தப்பாக அளந்துவிட்டோமோ என்று மறுபடியும் அளந்தாள். பிறந்ததிலிருந்து அவள் தப்பாக அளந்ததில்லை.

"படுக்க வெச்சாலும் போகாது. நிமித்தினாலும் போகாது" என்றாள்.

"காலைக் கழட்டிட்டா?" என்றான் தம்பி.

"கால் மரமுளை அடிச்சு, பசை ஊத்தி, உள்ளேருந்து திருகாணி போட்டது" என்றார் நட்டு. சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை.

"திருகாணியைக் கழட்டலாமே?"

"தலை வெளிய தெரியக்கூடாதுன்னு மரத்தூளும் பசையும் குழைச்ச மக்கு வெச்சு அடைச்சு, மேல பெயிண்டு அடிச்சாச்சு."

சமையலறை வாசலில் காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமியார் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "நான் அன்னைக்கே பாத்தேன். பலகை பலகையா உள்ள போச்சு. மேஜையா எப்பிடி வெளிய வரும்னு எனக்கு அப்பவே ஒரு யோசனை."

"பாத்தீங்கல்ல, சொல்லியிருக்கலாமே அத்தை?"

"என் பேச்சை இந்த வீட்ல யாரும்மா கேக்குறா? அப்பிடியே கேட்டாலும் அதையும் ஒரு ஆணி அடிச்சுச் செவுத்துல மாட்டிருவான்."

தம்பிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. டெய்லரம்மாவுக்கும் உதட்டோரம் வந்தது. ஆனால் கணவர் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுபோயிற்று. அவர் ஆச்சரியப்படவே இல்லை. மேஜை வாசலுக்குள் நுழையாது என்று இப்போதுதான் தெரிந்த ஒருத்தர் கொஞ்சமாவது திகைக்க வேண்டாமா? தலையிலடித்துக்கொள்ள வேண்டாமா? அவரோ கையிலிருந்த துணியை நாலாக மடித்து, எட்டாக மடித்து, இனி மடிக்க முடியாது என்கிற வரைக்கும் மடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவர் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிக்க ஆரம்பித்தார்.

"ஏங்க, உங்களைத்தான் கேக்குறேன். எப்ப தெரியும்?"

"நீ கடை பேசி முடிச்சிட்டு வந்த அன்னைக்கு."

"அன்னைக்கே தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா? நான் போர்டு எழுதக் குடுத்தேன், ஊரெல்லாம் சொன்னேன், துணியைக் கடைக்கே அனுப்பச் சொன்னேன். எல்லாத்தையும் பாத்துக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தீங்களா?"

தம்பி மெதுவாக எழுந்து, வண்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான். "நில்லுடா" என்றாள் அக்கா. நின்றான்.

"சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார் நட்டு. "நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... மேஜை வரலைன்னா நீயும் கொஞ்ச நாள் கழிச்சுப் போகலாம்னு இருந்துடுவியோன்னு ஒரு நப்பாசை."

"ஏன்? நான் போனா உங்களுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததுக்கா இவ்வளவு?"

நட்டு சுவரைப் பார்த்துப் பேசினார். சுவர் திருப்பிக் கேள்வி கேட்காது. "வேலை எந்தத் தெருவுல இருந்தாலும் நடுவுல ஒரு தடவை வீட்டுக்கு வருவேன்ல? வாசல்ல கால் வைக்கும்போதே உன் மெஷின் சத்தம் கேக்கும். நீ தலையைத் தூக்காமலேயே, டீ அடுப்புல இருக்குன்னு சொல்லுவ. நான் ஊத்திக் குடிச்சிட்டுப் போவேன். அவ்வளவுதான். அது இல்லைன்னா வீட்டுக்கு எதுக்கு வர்றதுன்னு தோணுச்சு."

மாமியாரின் கத்தி பலகையில் படும் சத்தம் நின்றுபோயிற்று. "நான் ஒருத்தி இங்கதான்டா இருக்கேன்" என்றார் அவர். யாரும் காதில் வாங்கவில்லை.

டெய்லரம்மாவுக்குக் கோபம் ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம். எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் மேஜைமேல் ஏறி உட்கார்ந்தாள். அவளையும் தாங்கிக்கொண்டு அது அணுவளவும் ஆடாமல் இருந்தது. அதுவே கோபத்தைக் கிளப்பிவிட்டது.

"நான் என்ன கப்பல் ஏறியா போறேன்? ரெண்டு தெரு தள்ளிப் போறேன். அங்க டீ கிடைக்காதா? இங்க பாருங்க. நானும் இத்தனை வருஷமா ஹூக்கும் பட்டனும் தைக்கிறேன். முதுகுல ஹூக்கு வெக்கணும்னா, அவ கையைப் பின்னாடி மடக்கச் சொல்லி, எட்டுற இடத்துலதான் வெப்பேன். போட்டவளால கழட்ட முடியாத சட்டையை இதுவரைக்கும் நான் தைச்சதே இல்ல. நீங்க என்னைக் கேக்காம, என் காலைத் தரையோட முடுக்கி, மக்கு வெச்சுப் பெயிண்டும் அடிச்சிட்டீங்க."

நட்டு கூடத்துக்குப் போனார்.

கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அவர் தன் இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்தார்.

"மேஜை நாளைக்குக் காலையில உன் கடையில இருக்கும்" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "இன்னைக்கே இருக்கும்."

சொல்வது சுலபம். ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். அவருக்கு மாட்டத் தெரிந்த அளவுக்குக் கழற்றத் தெரியாது. முடுக்கு, இறுக்கு, பதி, அறை, பொருத்து என்று அவர் வாயில் வரும் வார்த்தை எல்லாமே ஒரே திசையில் போகிறவை. முதல் போல்ட்டை ரம்பப் பிளேடால் அறுக்க ஆரம்பித்தார். பிளேடு முறிந்தது. இன்னொன்று போட்டார். அதுவும் முறிந்தது.

"எவன்டா இவன் இவ்வளவு கெட்டியாப் போட்டிருக்கான்!" என்று கத்தினார்.

"நல்ல வேலைக்காரன் மச்சான்" என்றான் தம்பி, தலைமாட்டில் உட்கார்ந்து டார்ச் அடித்தபடி. "ஆளைப் பாத்தா நாலு வார்த்தை கேக்கணும்."

"போல்ட்டும் மட்டமில்ல மாப்ள. பாரு, துருவே பிடிக்கல."

"திட்டுறீங்களா, பாராட்டுறீங்களா? ஏதாவது ஒண்ணு பண்ணுங்க."

ஒரு வழியாக நான்கு காலும் தரையை விட்டன. ஆனால் பலகையும் காலும் சேருமிடத்தில் உளி வைத்துத் தட்டியபோது மரம் பிளக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. டெய்லரம்மா மேஜையை விட்டுக் குதித்து இறங்கினாள்.

"நிறுத்துங்க! உடைச்சு எடுத்துட்டுப் போய் நான் என்ன அடுப்பா எரிக்கப்போறேன்? வெளிய வாங்க."

தலைமுடியெல்லாம் மரத்தூளாக நட்டு வெளியே வந்தார்.

"எங்க தொழில்ல பாதி பிரிக்கிற வேலைதான். பெருத்துட்டேன், பிரிச்சுவிடுங்கக்காம்பாங்க. இளைச்சிட்டேன், பிடிச்சுவிடுங்கக்காம்பாங்க. நடுவுல பிடிச்சு இழுத்தா துணி கிழிஞ்சிடும். கடைசியாப் போட்ட தையல் எதுன்னு பாத்து, அங்கேருந்து ஆரம்பிக்கணும். சொல்லுங்க, இதுல கடைசியா என்ன போட்டீங்க?"

நட்டு கண்ணை மூடி யோசித்தார். தன் வேலையை அவர் பின்னோக்கி யோசித்துப் பார்த்ததே இல்லை. "கடைசியா... பெயிண்டு."

"அதுக்கு முன்னாடி?"

"மக்கு. அதுக்கு முன்னாடி திருகாணி. அதுக்கு முன்னாடி பசை. முளைதான் முதல்ல."

"அப்ப பெயிண்டுலேருந்து வாங்க."

அவர் கத்தி முனையால் பெயிண்டைச் சுரண்டினார். மக்கைத் தோண்டினார். திருகாணித் தலைகள் ஒவ்வொன்றாகப் பளிச்சென்று வெளியே வந்தன. திருப்புளியை வைத்து இடப்பக்கமாகத் திருகியபோது அவர் கை முதலில் தயங்கியது. அப்புறம் பழகிக்கொண்டது. பசையிடம் வந்து மறுபடி நின்றார்கள். டெய்லரம்மா சமையலறைக்குப் போய் ஒரு துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு வந்தாள். வண்டியில் ஏற்றியிருந்த இஸ்திரிப் பெட்டியைத் தம்பி இறக்கிவந்தான். ஈரத்துணியை மூட்டுமேல் போட்டு, சூடான பெட்டியை அழுத்தினாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

"காலர்ல ஒட்டுற கேன்வாஸை இப்பிடித்தான் எடுப்போம்" என்றாள்.

"இது மரப்பசை."

"சூடு பட்டா எந்தப் பசையும் இளகும். கொஞ்சம் பொறுங்க, அவசரப்பட்டுத் தட்டாதீங்க."

தேய்த்தாள், பொறுத்தாள், மறுபடி தேய்த்தாள். அவர் காலை மெல்ல அசைத்துப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அது ஆடியது. நட்டு தன் வேலை ஆடுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட நாள் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

"ஆடுது! ஏய், ஆடுது!" என்று கத்தினார்.

மாமியார் கத்தியும் கையுமாக ஓடிவந்து பார்த்தார். "அட, அவன் போட்டது ஆடுதே!" என்று வாய்மேல் கை வைத்தார்.

அதற்குப் பிறகு வேலை சூடு பிடித்தது. அவள் ஆவி காட்டினாள், அவர் அசைத்தார், தம்பி தாங்கிப் பிடித்தான். ஆளுக்கொரு திட்டு, ஆளுக்கொரு யோசனை. நடுவில் எல்லோரும் நின்றபடியே சாப்பிட மாமியார் தட்டில் சோறு போட்டுக் கொடுத்தார். "எனக்கும் அந்தக் கடிகாரத்தை ஒரு நாள் கழட்டிக் குடு, மணி பாக்கணும்" என்று மகனிடம் மனுவும் போட்டார். மத்தியானம் தாண்டுவதற்குள் மேஜை பலகை வேறு கால் வேறாகக் கிடந்தது. ஒரு பலகையிலும் கீறல் இல்லை.

வண்டியில் ஏற்றித் தம்பி கயிறு கட்டினான். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் அவிழ்கிற மாதிரி அவனுக்கென்று ஒரு முடிச்சு உண்டு. அதைப் பார்த்து நட்டுக்கு உயிர் பாதி போயிற்று. இன்னொரு கயிறு போடு, குறுக்கே ஒன்று போடு என்றார். தம்பி கேட்கவில்லை. கடைசியில் தானே பலகைமேல் ஏறிக் குப்புறப் படுத்து, இரண்டு கைகளாலும் வண்டியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டார். கடைத்தெரு முழுக்க அந்த ஊர்வலத்தைப் பார்த்தது. "நட்டு அண்ணன் இன்னைக்கு அவரே கயிறாயிட்டாரு" என்று சைக்கிள் கடைக்காரர் சொன்னார். முதல் தூறல் விழுவதற்குள் சாமான் எல்லாம் கடைக்குள்ளே போய்விட்டது.

கடையில் மேஜையை அவர்தான் சேர்த்தார். இந்த முறை பசை இல்லை, மக்கு இல்லை. போல்ட் போட்டு, கையாலேயே திருகுகிற காது வைத்த நட்டுகளை மாட்டினார். பெட்டியின் அடியில் வாங்கிப்போட்டு வருஷக்கணக்கில் தொடாமல் வைத்திருந்த நட்டுகள் அவை. அவற்றை மாட்டுவதை அவர் ஒரு வேலையாகவே மதித்ததில்லை.

"ஸ்பேனர் தேவையில்ல" என்றார், அவளைப் பார்க்காமல். "நீயே கழட்டிக்கலாம். யாரையும் கேக்க வேணாம்."

டெய்லரம்மா ஒரு நட்டைத் திருகிப் பார்த்தாள். சுலபமாகக் கழன்றது. மறுபடி முடுக்கினாள்.

"காலையில சொல்லாம இருந்தது தப்பு" என்றார் அவர்.

"தப்புத்தான். காலையில மட்டுமில்ல, அத்தனை நாளும்."

"அத்தனை நாளும்" என்று அவர் ஒப்புக்கொண்டார். அப்புறம் பெட்டியிலிருந்து ஒரு புதுப் பூட்டை எடுத்து ஷட்டரின் கொண்டியில் மாட்டிப் பார்த்தார். பூட்டித் திறந்து, திறந்து பூட்டி, திருப்தியானதும் இரண்டு சாவிகளையும் அவளிடம் நீட்டினார். சாவிகளைக் கொஞ்சம் மெதுவாகத்தான் கையிலிருந்து விட்டார். ஒன்றைத் திருப்பித் தருவாள் என்று எதிர்பார்க்கிறார் என்பது பார்த்தாலே தெரிந்தது.

அவள் இரண்டையும் வாங்கிக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"ரெண்டுமா?" என்றார்.

"ஆமா. நீங்க வர்றப்ப கடை திறந்திருக்கும், நானும் இருப்பேன். அப்புறம் உங்களுக்கு எதுக்குச் சாவி?"

தம்பி வாய்விட்டுச் சிரித்தான். நட்டு ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, அதுவும் சரிதான் என்கிற மாதிரி தலையாட்டினார்.

மறுநாள் விடியும்போதே, தூரத்தில் ஒரு வீட்டில் கதவு வேலை என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிப் போய்விட்டார். டெய்லரம்மா குளித்து, மாமியாரிடம் சொல்லிக்கொண்டு, குடையோடு கடைத்தெருவுக்கு வந்தாள். துணிக்கட்டு வண்டி இன்னும் வந்திருக்கவில்லை. மருந்துக்கடை திறக்கவில்லை. சைக்கிள் கடையும் திறக்கவில்லை. அவளுடைய கடையின் மூடிய ஷட்டர்மேல் சாய்ந்து, படியில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரும்புப் பெட்டி, மடியில் டீ ஃபிளாஸ்க், இரண்டு டம்ளர்.

அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"என்னம்மா, எவ்வளவு நேரமா நிக்கிறது? கடையை எப்பதான் திறப்பீங்க?"